ஏற்றமா, இறக்கமா? ரங்கூன் கணக்கிலிருந்து

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் வரும் வெளியூர்க்காரர்கள் வீடுகளைப் பார்த்துவிட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? பர்மா, மலேயா, இலங்கை, லேவாதேவி என்று நாலு வார்த்தையில் பதில் கிடைத்துவிடும். எனக்கு வேறொரு கேள்விதான் சுவாரசியமாகப் படுகிறது. அந்தப் பணம் வந்துகொண்டிருந்தபோது, அது நிற்கப்போகிறது என்பதை எதை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம்?

நிச்சயமாக வீட்டை வைத்து இல்லை. காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீட்டை 1941இல் கட்டியதாகச் சொல்வார்கள். ரங்கூனில் நெல் விலை சரிந்து அப்போது பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதே 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. ஒரு வீட்டுக்கு மனை பார்த்து, மரம் வரவழைத்து, ஆசாரிகளை வைத்து முடிக்க ஆண்டுகள் பிடிக்கும். அதற்கான பணமோ அதற்கும் பல ஆண்டுகள் முன்பு சேர்ந்தது. கண்ணுக்கு மிகப் பெரிதாகத் தெரிகிற செல்வம், காலத்தைச் சொல்வதில் மிகப் பிந்தியது. ஒரு நாட்டின் பொருளாதாரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கிறவர் முதலில் பழக வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

பாடநூல்கள் வணிகச் சுழற்சியை நான்காகப் பிரிக்கும்: ஏற்றம், உச்சி, இறக்கம், அடி. இவற்றில் உச்சியும் அடியும் நீண்ட காலங்கள் அல்ல, திருப்பங்கள். ஒரு மாதத்தைச் சுட்டி ‘இங்கேதான் திரும்பியது’ என்று சொல்லலாம், அதுவும் பிற்பாடு. நம்மில் பலர் தடுமாறுவது எங்கே என்றால், உயரத்தைப் பார்க்கிறோம், திசையைப் பார்ப்பதில்லை. உச்சியில் கடைகளில் கூட்டம் இருக்கும், கடன் எளிதில் கிடைக்கும், வேலைக்கு ஆள் கிடைக்காது. எல்லாம் நன்றாக இருக்கும்போதுதான் அடுத்த காலடி கீழ்நோக்கிப் போகிறது. அடியிலோ எல்லாம் மோசமாக இருக்கும். ஆனால் அதைத் தாண்டிய மறுமாதமே கணக்கின்படி ஏற்றம் தொடங்கிவிடுகிறது. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருப்பவர், ‘பொருளாதாரம் மீள்கிறது’ என்ற செய்தியைப் படித்து எரிச்சல் அடைவது நியாயம்தான். செய்தியும் பொய்யல்ல.

இன்னொன்றும் உண்டு. ஒரு தொழில் படுத்தால் அது இறக்கம் ஆகாது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஆர்தர் பர்ன்ஸும் வெஸ்லி மிட்செலும் 1946இல் வெளியிட்ட பெரிய நூல் வகுத்த இலக்கணம் இன்றும் செல்லுபடியாகிறது: பல தொழில்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் விரிந்து, பிறகு ஒரே சமயத்தில் சுருங்க வேண்டும். அவர்கள் பணியாற்றிய தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகம்தான் அமெரிக்காவில் உச்சி எந்த மாதம், அடி எந்த மாதம் என்று அறிவிக்கிற அமைப்பு. வீழ்ச்சி எவ்வளவு ஆழம், எத்தனை துறைகளில் பரவியது, எத்தனை காலம் நீடித்தது என்று மூன்றையும் அது பார்க்கிறது. 1929 ஆகஸ்டில் உச்சி, 1933 மார்ச்சில் அடி என்பது அதன் தீர்ப்பு. ரங்கூனையும் காரைக்குடியையும் அடித்த அலை கிளம்பியது அங்கேதான்.

இனி ரங்கூனுக்குப் போவோம். 1929-30இல் அமைந்த பர்மா வங்கி விசாரணைக் குழு, அங்கே காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார்கள் நடத்திய லேவாதேவிக் கடைகளின் மூலதனத்தைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி. அதில் பெரும்பகுதி சொந்த முதலும் உறவினர்கள் வைத்த பணமும்தான். ஆங்கிலேய வங்கிகளிடம் வாங்கியது சிறு பங்கு. ரங்கூன் மொகல் தெருவிலிருந்து ஐராவதி வடிநிலத்துக் கிராமங்கள் வரை அந்தப் பணம் பரவி, நாற்று நடுவதற்கும் மாடு வாங்குவதற்கும் காடு திருத்தி வயலாக்குவதற்கும் போனது.

அந்தத் தெருவில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. கடைகள் தங்களுக்குள் செய்யும் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியை, மாதம் ஒருமுறை கோயிலில் கூடி நிர்ணயித்தார்கள். குறித்த காலத்துக்கு வைக்கும் பணத்துக்குத் தவணை வட்டி தனி. மற்ற வட்டிகள் பலவும் நடப்பு வட்டியை ஒட்டி ஏறி இறங்கின. இன்று ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரெப்போ வட்டியை அறிவிப்பதற்கு ஏதோ ஒரு விதத்தில் முன்னோடி என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் வேற்றுமை பெரிது: அங்கே வட்டியை முடிவு செய்தவர்கள் கடன் கொடுத்துக்கொண்டிருந்தவர்களேதான். சந்தையின் மூச்சு நேராக அந்த எண்ணில் தெரிந்திருக்கும்.

வட்டி ஏறுகிறது என்பது மட்டும் எதையும் சொல்லாது. வட்டியோடு, கொடுத்த தொகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வட்டியும் ஏறி, கடன் வாங்குவோரும் பெருகினால் தொழில் விரிகிறது. வட்டி ஏறியும், கொடுக்கிறவர் கையை இழுத்துக்கொண்டால், அது தேவையால் வந்த ஏற்றம் அல்ல, பயத்தால் வந்தது, உச்சி கடந்துபோயிருக்கலாம். வட்டி இறங்கியும் வாங்க ஆள் இல்லையென்றால் இறக்கம் நடுவழியில் இருக்கிறது. வட்டி தாழ்ந்து கிடக்கும்போது கடன் கேட்டு முதல் சிலர் வந்து எட்டிப்பார்த்தால், அடி நெருங்கிவிட்டது அல்லது கடந்துவிட்டது. இதே நான்கு வாசிப்பை இன்று ரெப்போ வட்டிக்கும் வங்கிக் கடன் வளர்ச்சிக்கும் பொருத்திப் பார்க்கலாம். ரிசர்வ் வங்கி 2023 பிப்ரவரியில் 6.50 விழுக்காட்டுக்கு உயர்த்தி அப்படியே வைத்திருந்த வட்டியை 2025 பிப்ரவரியில்தான் குறைக்கத் தொடங்கியது. குறைத்ததே நல்ல சேதி என்று கொள்ளக் கூடாது. குறைத்த பிறகு யார் வந்து கடன் வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள் என்பதில்தான் விஷயம்.

பர்மாவில் நெல் விலை 1920களின் பிற்பகுதியிலேயே மெல்லத் தளர்ந்திருந்தது. 1930இல் செங்குத்தாக விழுந்தது. ஏற்றுமதியை நம்பிய ஒற்றைப் பயிர். விலை போனதும் கடனைத் திருப்ப வழியில்லை. அந்த டிசம்பரில் தாராவதியில் சாயா சான் கிளர்ச்சி வெடித்தது. கடன்காரர்கள் கட்ட முடியாமல் நிலத்தை விட்டார்கள், லேவாதேவிக்காரர்கள் நிலத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் சுமார் 6 விழுக்காடு செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடு.

இந்த ஒரு எண்ணில்தான் முழுப் பாடமும் இருக்கிறது என்பேன். காரைக்குடியில் உட்கார்ந்து ஐந்தொகையைப் புரட்டுகிற ஒருவருக்கு என்ன தெரிந்திருக்கும்? சொத்து பெருகியிருக்கிறது. எட்டே ஆண்டில் நிலம் நாலு மடங்கு. உண்மையில் ஓடிக்கொண்டிருந்த ரொக்கம் உறைந்து நிலமாக நின்றது. விற்கப் போனால் வாங்க ஆள் இல்லை, குத்தகையும் நெல் விலையைப் போலத்தான். கடன் கொடுப்பவர் கைக்கு ஈடு வந்து சேர்வது இறக்கத்தின் அடையாளம், அதுவும் பிந்தி வருகிற அடையாளம். அதை வளர்ச்சி என்று வாசித்தால் கெட்டது குடி. நிலத்தை இழந்த பர்மிய உழவருக்கோ அது எந்தக் கட்டம் என்ற சந்தேகமே இருந்திருக்காது.

கடைகளை நடத்திய முறையிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவிற்கப் போன ஏஜெண்டுகள் வழக்கமாக மூன்று வருஷக் கணக்குக்குப் போய், முடித்து ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார்கள். நிர்வாகத்துக்கு அருமையான முறை. ஆனால் ஒரு ஏற்றம் மூன்று வருஷத்தைவிட நீளமாக இருந்தால், ஏற்றத்தின் நடுவில் போய் நடுவிலேயே திரும்பிய ஏஜெண்டு இறக்கத்தைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார். அவருடைய அனுபவத்தில் கடன் திரும்பி வரும், நெல் விலை நிற்கும். இது என் ஊகம்தான். இருந்தாலும் இன்றைய வங்கிக் கிளை மேலாளர்களும் மூன்று ஆண்டுக்கொரு முறை மாற்றலாகிப் போவதைப் பார்க்கும்போது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஆக, குறிகள் மூன்று வகை. சில முந்திப் போகும்: புதிய ஆர்டர்கள், பங்கு விலை, கட்டட அனுமதி, புதிய ஆலைகளுக்காகக் கேட்கும் கடன். சில கூடவே நடக்கும்: உற்பத்தி, மின்சாரப் பயன்பாடு, டீசல் விற்பனை, சரக்கு ரயில். சில பின்னால் வரும்: வேலையின்மை, வாராக்கடன், கட்டி முடித்த பெரிய கட்டடங்கள். முந்திப் போகிறவை அடிக்கடி பொய்யும் சொல்லும். பங்குச் சந்தை பயந்து விழுந்த எல்லாத் தடவையும் பொருளாதாரம் விழுந்துவிடவில்லை. பின்னால் வருகிறவை பொய் சொல்லாது, ஆனால் அதற்குள் காலம் கடந்திருக்கும்.

வாராக்கடனுக்கு நம் நாட்டிலேயே பக்கத்து உதாரணம் இருக்கிறது. 2000களின் நடுப்பகுதியில் தொடங்கி மின்சாரம், எஃகு, சாலை என்று வங்கிகள் வாரி வழங்கிய கடன், வங்கிக் கணக்குகளில் மொத்த வாராக்கடனாக உச்சம் தொட்டது 2018 மார்ச்சில். 11 விழுக்காட்டுக்கும் மேல். 2025 மார்ச்சில் அது இரண்டரை விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. ‘வங்கிகள் இவ்வளவு ஆரோக்கியமாக இருந்ததில்லை’ என்று படிக்கும்போது, அது சில ஆண்டுகள் முந்திய காலத்துக்கான சான்றிதழ் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

அமெரிக்காவில் கட்டத்தை அறிவிப்பவர்களே எவ்வளவு தாமதிக்கிறார்கள் பாருங்கள். 2007 டிசம்பரில் உச்சி என்று அந்தக் கழகம் சொன்னது 2008 டிசம்பர் 1 அன்று. லேமன் பிரதர்ஸ் திவாலாகி இரண்டரை மாதம் ஆகியிருந்தது. 2009 ஜூனில் அடி என்று சொன்னது 2010 செப்டம்பரில். 2020இல் பிப்ரவரி உச்சியையும் ஏப்ரல் அடியையும் வைத்து வெறும் இரண்டு மாத இறக்கம் என்று தீர்ப்பளித்தார்கள். காலம் குறைவு, ஆனால் ஆழமும் பரவலும் அதை ஈடுகட்டிவிட்டன. ‘இரண்டு காலாண்டு தொடர்ந்து சுருங்கினால் மந்தநிலை’ என்கிற பத்திரிகைக் கணக்கை அவர்கள் ஏற்பதில்லை. 2022இல் முதலில் வெளியான புள்ளிவிவரப்படி அமெரிக்கப் பொருளாதாரம் முதல் இரண்டு காலாண்டும் சுருங்கியது. ஆனால் வேலைவாய்ப்பு பெருகிக்கொண்டே போனது. கழகம் இறக்கம் என்று அறிவிக்கவில்லை. பிற்பாடு அந்த எண்களில் ஒன்று திருத்தப்பட்டு வளர்ச்சியாகவே மாறிவிட்டது.

இந்தியாவில் இப்படித் தேதி குறிக்கும் அமைப்பு எதுவும் அதிகாரப்பூர்வமாக இல்லை. குறிப்பதும் கடினம். விடுதலைக்குப் பிறகு ஆண்டுக் கணக்கில் மொத்த உள்நாட்டு உற்பத்தி சுருங்கியது ஐந்தே முறை: 1957-58, 1965-66, 1972-73, 1979-80, 2020-21. கடைசி ஒன்றைத் தவிர மற்ற நான்கிலும் மழை பொய்த்ததற்குப் பெரிய பங்கு உண்டு. சிவகங்கைச் சீமையின் கண்மாய்க்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவருக்குச் சுழற்சி என்பது வடகிழக்குப் பருவமழைதான். தொழில்துறை தன் பாட்டுக்கு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால், இங்கே உற்பத்தி கூடியதா குறைந்ததா என்று கேட்பதைவிட, வளர்ச்சி வேகம் எடுக்கிறதா தளர்கிறதா என்று கேட்பதுதான் பொருத்தம். ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்கினாலே இங்கே பலருக்கு வேலை கிடைக்காது. இந்தியாவில் ஐந்து விழுக்காடு வளர்ச்சி என்பது இறக்கமாகவும் இருக்கலாம்.

சரி, மாதா மாதம் வருகிற எண்களை எப்படிப் படிப்பது? முதலில் ஆடியைக் கழிக்கக் கற்க வேண்டும். காரைக்குடிப் பலகாரக் கடைக்காரரிடம் ஆடி மாதம் போய் வியாபாரம் எப்படி என்று கேட்டால் சுரத்தில்லாமல் பதில் சொல்வார். ஆவணியில் கல்யாண ஆர்டர் வந்ததும் முகமே வேறு. இரண்டையும் ஒப்பிட்டு நாடு மீண்டுவிட்டது என்று யாரும் சொல்லமாட்டோம். போன ஆடியோடு இந்த ஆடியை ஒப்பிடுவோம். அரசுப் புள்ளிவிவரத்தில் ‘கடந்த ஆண்டு இதே மாதத்தைவிட’ என்று போடுவது இதற்காகத்தான். ஆனால் இதிலும் ஒரு கண்ணி உண்டு. 2020 ஏப்ரலில் ஊரடங்கால் ஆலைகள் மூடிக் கிடந்தன. அதனால் 2021 ஏப்ரலில் தொழில் உற்பத்திக் குறியீடு முந்தைய ஆண்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அப்போது நாடு இரண்டாம் அலையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

ஜி.எஸ்.டி. வசூலிலும் அப்படி ஒன்று. 2022, 2023, 2024, 2025 நான்கு ஆண்டுகளிலும் ஏப்ரல் வசூல் ‘இதுவரை இல்லாத சாதனை’. 2024இல் 2.10 லட்சம் கோடி ரூபாய், 2025இல் 2.37 லட்சம் கோடி. ஏப்ரலில் கட்டுவது மார்ச் மாத விற்பனைக்கான வரி. மார்ச்சில் ஆண்டுக் கணக்கை முடிக்க எல்லாரும் பில் போடுகிறார்கள். ஆகவே ஏப்ரலில் சாதனை வந்தால் வியப்பில்லை, வராவிட்டால்தான் கவனிக்க வேண்டும். தவிர, விலைவாசி ஏறினாலும் வரி வசூல் ஏறும். விற்ற சரக்கு கூடியிருக்க வேண்டிய அவசியமில்லை.

தொழில் நிறுவனங்களின் கொள்முதல் மேலாளர்களைக் கேட்டுத் தயாரிக்கும் பி.எம்.ஐ. குறியீட்டுக்கு விலைவாசிச் சிக்கல் இல்லை. போன மாதத்தைவிட மேலா, கீழா என்பதுதான் கேள்வி. 50க்கு மேல் என்றால் விரிவு, கீழே என்றால் சுருக்கம். 2020 ஏப்ரலில் இந்தியச் சேவைத்துறைக் குறியீடு 5.4க்கு விழுந்தது. இந்த எண் திசையைச் சொல்கிறது, உயரத்தைச் சொல்வதில்லை. நாம் தேடுவதற்கு அதுதான் வேண்டும். அதற்குள் புதிய ஆர்டர்கள் என்ற உட்பிரிவைத் தனியாகப் பார்ப்பது இன்னும் நல்லது. ஆலைகளில் எத்தனை பங்கு இயந்திரம் ஓடுகிறது என்று ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் எடுக்கும் கணக்கும் பயனுள்ளது. முக்கால் பங்கைத் தாண்டி நெடுநாள் ஓடினால் முதலாளிகள் புது இயந்திரம் வாங்க யோசிப்பார்கள். கால் பங்கு சும்மா கிடக்கும்போது வட்டியை எவ்வளவு குறைத்தாலும் யாரும் புது ஆலை கட்டமாட்டார்கள்.

உள்ளூரில் எதையாவது பார்க்கலாமா என்றால், நகைக்கடன் கண்ணில் படும். இதை நான் பெரிதாக நம்புவதில்லை. கஷ்டத்தில் அடகு வைப்பவரும், வியாபாரத்தை விரிக்க அடகு வைப்பவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தங்கம் விலை ஏறினால் அதே நகைக்குக் கடன் தொகையும் ஏறிவிடுகிறது. கொடுத்த கடனைவிட, மீட்காமல் ஏலத்துக்குப் போகும் நகை எவ்வளவு என்பது கொஞ்சம் உருப்படியான குறி, ஆனால் அது பின்னால் வருகிற குறி. சிங்கப்பூர், வளைகுடாப் பணம் வரும் ஊர்களில் கடைவீதி கலகலப்பாக இருப்பது அந்தந்த நாட்டின் கட்டத்தைக் காட்டுமே தவிர இந்தியாவின் கட்டத்தை அல்ல. 1920களின் காரைக்குடி, மதராஸ் மாகாணத்தைவிட ரங்கூனின் நெல் சந்தையோடுதான் சேர்ந்து ஏறி இறங்கியது.

எந்தக் குறியும் பிரித்துக் காட்டாத ஒன்று கடைசியாக இருக்கிறது. இறக்கம் என்றால் திரும்ப ஏறும் என்பது சுழற்சி என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கிய நம்பிக்கை. நிலத்தை வைத்துக்கொண்டு நெல் விலை திரும்பட்டும் என்று காத்திருந்தவர்கள் இறக்கத்தைச் சரியாகவே கண்டுகொண்டவர்கள்தான். ஆனால் நடந்துகொண்டிருந்தது சுழற்சி மட்டுமல்ல. பர்மா 1937இல் இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1942இல் ஜப்பானியர் பிடித்தார்கள். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. நெல் விலை திரும்பியபோது நிலம் அவர்களுடையதாக இல்லை. பணம் சுருங்கியதா, சந்தையே கைவிட்டுப் போகிறதா என்பதற்கு விலைப் பட்டியலில் பதில் கிடைக்காது. சட்டசபை விவாதத்திலும் தெருவில் நடக்கும் கலவரத்திலும்தான் கிடைக்கும். 1930இலும் 1938இலும் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிரான கலவரங்கள் நடந்தன.

அதைச் சிலர் படித்தும் இருந்தார்கள். பஞ்சாலைகளுக்கும் வங்கிகளுக்கும் முதலைத் திருப்பியவர்கள் உண்டு. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது ஒரே சமயத்தில் மூன்று இடங்களில் கிளை திறந்தார்: காரைக்குடி, சென்னை, ரங்கூன். அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று பர்மா தனி நாடாக நிர்வகிக்கப்படத் தொடங்கியது. 1963இல் அங்கிருந்த எல்லா வங்கிகளையும் பர்மிய அரசு எடுத்துக்கொண்டது.